சாயக் கழிவு ஜலமும் வெயிலின் சக்தியும்

இராமநாதபுரம் ஜில்லாவின் சாகுபடி கண்மாய்களை நம்பியது. வருஷத்தில் சுமார் 800 மில்லிமீட்டர் மழையே பெறும் இந்த ஜில்லாவில், அம்மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக் காற்றினால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்துவிடுகிறது. எஞ்சிய நாட்களுக்குக் கண்மாயில் தேங்கிய ஜலமும், ஊருணியும், கிணறுமே கதி. வருஷநாட்டு மலைகளில் தோன்றி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி ஆகிய ஊர்களைக் கடந்து வரும் வைகை, இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பியபின், மிச்சமிருந்தால் ஆற்றங்கரை என்னும் ஊருக்கருகில் கடலைச் சேர்கிறது. இவ்வாறு ஆற்றின் கடைமடையில் வாழும் குடியானவர்களுக்கு, மேலே யார் எதைக் கலந்தாலும் அது தங்கள் வயலில் வந்து தங்கும் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அப்படிக் கலக்கக்கூடிய பொருள்களில் நெசவுத் தொழிலைச் சார்ந்த சாயக் கழிவு ஜலம் ஒன்று. வைகைக் கரையிலுள்ள பரமக்குடி, எமனேசுவரம் முதலிய ஊர்கள் கைத்தறிக்குப் பேர்போனவை. நூலுக்குச் சாயம் ஏற்றுவது நெசவுக்கு உடன்பிறந்த தொழில். இத்தொழில் நாட்டுக்கு வேண்டியதே. அதன் கழிவை எவ்வாறு சுத்தி செய்வது என்பதே கேள்வி. சில உலோக ஆக்ஸைடுகளைச் சாய ஜலத்தில் கலந்து வெயிலில் வைத்தால் சாயம் சிதைந்து நிறம் நீங்கும் என்று ரஸாயன சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். இந்த முறை இன்னதென்றும், இதனால் ஆகக்கூடிய காரியம் எது, ஆகாத காரியம் எது என்றும் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் தெரிந்துகொள்வது நலம். ஆகாததை ஆகுமென்று நம்பிய நிலம் திரும்புவது அரிது.

1. பழைய சாயமும் புதிய சாயமும்

இராமேசுவரம் கரை ஒரு காலத்தில் சாயத்துக்கே பெயர் பெற்றிருந்தது. அங்குள்ள மணற்பாங்கான நிலத்தில் தானாக முளைக்கும் இம்பூறல் என்னும் சிறு பூண்டின் வேரே சாயவேர் எனப்படுவது. தோண்டி எடுத்து உலர்த்திய இந்த வேரைப் படிகாரத்துடன் சேர்த்துத் துணியில் ஏற்றினால் நிலையான சிவப்பு கிடைக்கும். இலங்கையின் மன்னார்ப் பகுதியிலும் இது தோண்டப்பட்டது. டச்சுக்காரர் அங்கே இவ்வியாபாரத்தைத் தமக்கே உரியதாக வைத்திருந்தனர். சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் சீமைகளில் விலைபோனதற்கு இந்தச் சிவப்பும் ஒரு காரணம்.

சாயவேரின் நிறத்துக்கு மூலமான அலிஸரின் என்னும் வஸ்துவை 1868-ஆம் வருஷத்தில் ஜெர்மானியரான கிரேபே, லீபர்மான் என்னும் இருவர் ரஸாயன சாலையில் செய்து காட்டினர். அதற்கு 12 வருஷங்களுக்கு முன், 1856-இல், பெர்கின் என்னும் ஆங்கிலேயர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டிருந்தார். 1897 முதல் செயற்கை அவுரியும் சந்தைக்கு வந்தது. பிறகு வேர் தோண்டுவோரும் அவுரி பயிரிடுவோரும் தொழிலை இழந்தனர்.

செயற்கைச் சாயங்களின் விசேஷ குணம் யாதெனில், அவை வெயிலுக்கும், சோப்புக்கும், வேர்வைக்கும் எளிதில் அசையாதபடி செய்யப்பட்டவை. துணியில் குணமாகிய இதுவே கழிவில் தோஷமாகிறது. ஆற்றிலும் கண்மாயிலும் உள்ள நுண்ணுயிர்கள் சாணத்தையும் இலைதழையையும் சில நாட்களில் தின்று தீர்ப்பதுபோல் இச்சாயங்களைத் தீர்க்க இயலவில்லை.

2. கழிவு ஜலத்தில் இருப்பவை

பருத்தி நூலுக்குத் தற்காலத்தில் மிகுதியாய் உபயோகிக்கப்படுவது, நூலுடன் ரஸாயனச் சேர்க்கை அடையும் வினைச்சாயம். தொட்டியில் இட்ட சாயம் முழுவதும் நூலில் ஏறுவதில்லை. சாயத்தின் வகையையும் வேலையின் நேர்த்தியையும் பொறுத்து, நூற்றுக்கு 10 முதல் 50 பங்கு வரை ஜலத்திலேயே நின்றுவிடுகிறது. ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் சாயம் இருந்தாலும் கண்ணுக்கு நிறம் தெரியும். ஆகையால் சிறு பட்டறையின் கழிவும் பெரிய வாய்க்காலைச் சிவக்கச் செய்யும்.

சாயத்தை நூலின்மேல் தள்ளுவதற்காகச் சாதாரண உப்போ, சோடியம் ஸல்பேட் என்னும் உப்போ சேர்க்கப்படுகிறது. இதன் அளவு சொற்பமன்று. லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை இடுவது வழக்கம். சாயத்தை நூலில் பிணைக்கச் சோடா உப்பும் காரமும் வேண்டும். இந்த உப்பும் காரமும் ஏறக்குறைய முழுவதும் கழிவோடு வெளியேறுகின்றன.

ஆகவே, கழிவு ஜலத்தில் மூன்று விதமான கேடுகள் உள்ளன: கண்ணுக்குத் தெரியும் சாயம், கண்ணுக்குத் தெரியாத உப்பு, தொட்டால் வழுவழுப்பாய்த் தெரியும் காரம். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு மருந்தாகாது. இனி வரும் விஷயங்களுக்கெல்லாம் இதுவே அஸ்திவாரம்.

3. உலோக ஆக்ஸைடு வேலை செய்யும் விதம்

உலோகம் பிராணவாயுவுடன் கூடியுண்டாகும் பொருள் உலோக ஆக்ஸைடு. இரும்புத் துரு ஒரு ஆக்ஸைடு. இவ்வேலைக்குச் சிறந்தவையாகக் காணப்பட்டவை, வெள்ளைப் பெயிண்டில் சேரும் டைட்டானியம் டை ஆக்ஸைடும், களிம்புகளிலும் ரப்பரிலும் சேரும் துத்தநாக ஆக்ஸைடும் ஆகும். இரண்டும் வெண்மையான பொடிகள்.

இப்பொடியின்மேல் தகுந்த ஒளி படும்போது, அதன் அணுக்களோடு பிணைந்துள்ள எலெக்ட்ரான் ஒன்று தன் இடத்தைவிட்டு எழும்புகிறது. எழும்பிய எலெக்ட்ரான் ஜலத்தில் கரைந்துள்ள பிராணவாயுவைப் பற்றி அதைத் தீவிரமாக்குகிறது. அது விட்டுச்சென்ற காலியிடம், ஜலத்திலிருந்து எலெக்ட்ரானைப் பறித்து, ஹைட்ராக்ஸில் என்னும் அணுக்கூட்டத்தை உண்டாக்குகிறது. இதன் ஆயுள் கண்ணிமைப்பினும் மிகக் குறைவு. வலிமையோ ஓஸோனையும் மிஞ்சியது. அருகிலுள்ள சாய மூலக்கூறை இது தாக்கி, முதலில் நிறத்துக்குக் காரணமான பிணைப்பை முறிக்கிறது. பின்னர் எஞ்சிய துண்டங்களையும் படிப்படியாகச் சிதைத்துக் கரியமில வாயுவாகவும் ஜலமாகவும் ஆக்குகிறது. சாயத்திலுள்ள கந்தகம் ஸல்பேட்டாகவும், தழைச்சத்தின் ஒரு பங்கு நைட்ரேட்டாகவும் எஞ்சும்.

இக்காரியத்தில் பொடி செலவாவதில்லை. ஏற்றத்தில் ஜலத்தை இறைப்பது மனிதனின் பலம். துலா அந்தப் பலத்தைக் கிணற்றுக்குள் செலுத்துகிறது. நாள் முழுதும் இறைத்தாலும் துலா தேய்ந்துபோவதில்லை. அதுபோல, இங்கே பலம் வெயிலுடையது. பொடி துலாவாக நிற்கிறது. இப்படித் தான் குறையாமல் ஒளியைக்கொண்டு காரியம் செய்விக்கும் பொருளுக்கு ஒளிவினையூக்கி என்று பெயர்.

எல்லா ஒளியும் இதற்கு உதவாது. அனடேஸ் என்னும் வகை டைட்டானியம் டை ஆக்ஸைடுக்கு 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கிரணங்கள் வேண்டும். பூமிக்கு வந்துசேரும் வெயிலின் சக்தியில் இக்கிரணங்கள் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கே. வெயில் குறைந்த தேசங்களில் இது பெருங்குறை. இராமநாதபுரம் ஜில்லாவிலோ வெயிலுக்குப் பஞ்சமில்லை. கமுதிக்கு அருகில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-இல் இங்கே ஏற்பட்டதே அதற்குச் சாட்சி.

4. கண்டுபிடிப்பும் மூலப்பொருளும்

டைட்டானியம் டை ஆக்ஸைடின்மேல் ஒளி பட்டால் ஜலமே பிரிந்து வாயுக்களாகும் என்பதை ஜப்பானியரான ஹோண்டா, புஜிஷிமா என்னும் இருவர் 1972-இல் பிரசுரித்தனர். 1977-இல் அமெரிக்காவில் பிராங்க், பார்ட் என்னும் இருவர், ஜலத்தில் கலந்த சயனைடு விஷத்தை இதே பொடியால் அழிக்கலாமெனக் காட்டினர். அதன் பின்னரே கழிவு ஜல சுத்திக்கு இதை உபயோகிக்கும் எண்ணம் உலகெங்கும் பரவியது.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர், பழுப்புநிற அஸோ சாயம் ஒன்றை வெயிலில் வைத்துச் சோதித்து, துத்தநாக ஆக்ஸைடு டைட்டானியம் டை ஆக்ஸைடைவிட விரைவில் அதைச் சிதைத்ததாக 2003-இல் வெளியிட்டனர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் வினைச்சாயங்களைக்கொண்டு இத்தகைய சோதனைகள் நடந்திருக்கின்றன.

டைட்டானியத்துக்கு மூலமான இல்மனைட் மணல் தென்தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே கிடைக்கிறது. மணவாளக்குறிச்சிக் கரையின் கரிய மணலில் அரிய உலோகங்கள் உள்ளதை 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் கண்டார். திருவனந்தபுரத்தில் 1946-இல் ஸ்தாபிக்கப்பட்ட தொழிற்சாலை இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்ஸைடு செய்தது. ஆதலால் வெயிலும் மூலப்பொருளும் இந்நாட்டுக்குப் புதியனவல்ல.

5. முறை பலிப்பதற்கு வேண்டிய நிபந்தனைகள்

ரஸாயன சாலையில், சுத்த ஜலத்தில் சொற்பச் சாயத்தைக் கரைத்து, சிறு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துச் செய்யும் சோதனையில், ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிறம் நீங்குவது வழக்கம். பட்டறைக் கழிவு அவ்வளவு எளிதில் வசப்படாது. காரணங்கள் பின்வருமாறு:

(அ) ஆழம். கருமையான சாய ஜலத்தில் புற ஊதாக் கிரணம் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். ஆகையால் ஜலம் ஆழமற்ற தட்டுகளிலோ, சாய்வான பலகையின்மேல் மெல்லிய ஓட்டமாகவோ செல்லவேண்டும். ஆளுயரத் தொட்டியில் பொடியைக் கொட்டுவதால் பயனில்லை.

(ஆ) பொடியின் அளவு. பெரும்பாலான சோதனைகளில் லிட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ போதுமானதாயிருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் ஜலம் பால்போல் வெளுத்து, ஒளி உள்ளே புகாது.

(இ) காற்று. பிராணவாயு இல்லையேல் கிரியை தளரும். ஜலத்தைக் கிளறியோ, உயரத்திலிருந்து விழச்செய்தோ காற்று ஊட்டவேண்டும்.

(ஈ) காரநிலை. வினைச்சாயங்களின் கரைசல் எதிர்மின் தன்மையுடையது. காரமான ஜலத்தில் டைட்டானியம் டை ஆக்ஸைடும் எதிர்மின் தன்மை அடைவதால் ஒன்றையொன்று விலக்கும். கழிவின் காரத்தைச் சமன்செய்தபிறகே பொடியிடவேண்டும். துத்தநாக ஆக்ஸைடோ அமிலத்திலும் கடுங்காரத்திலும் கரைந்துபோகும். ஒளியிலும் சிறிது அரிக்கப்படும். கரைந்த துத்தநாகம் மிகுந்தால் மீனுக்கும் பயிருக்கும் தீங்கு.

(உ) உப்பும் சோடாவும். ஜலத்திலுள்ள குளோரைடும் கார்பனேட்டும் ஹைட்ராக்ஸிலைத் தாமே பற்றிக்கொண்டு, சாயத்தைச் சேரவிடாமல் தடுக்கும். உப்பு மிகுந்த சாயத்தொட்டி ஜலத்தைவிட, அதற்குப்பின் வரும் அலசல் ஜலத்துக்கே இம்முறை பொருத்தமானது.

(ஊ) பொடியைத் திரும்ப எடுத்தல். மிக நுண்ணிய பொடி எளிதில் அடியில் படியாது. ஆகையால் அதைக் கண்ணாடி, ஓடு, மணல் முதலியவற்றின்மேல் பதித்து உபயோகிக்கும் வழிகள் ஆராயப்பட்டுள்ளன. பதித்தால் வேகம் குறையும்; ஆனால் பொடி ஆற்றோடு போகாது.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. நிறம் நீங்கியதும் சுத்தி முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது. நிறப்பிணைப்பு முறிந்தபின் எஞ்சும் துண்டங்கள் நிறமற்றவை. அஸோ சாயங்களில் சிலவற்றின் துண்டங்கள் புற்றுநோய் விளைக்கக்கூடிய அமீன்கள். அத்தகைய அமீன்களை விடக்கூடிய சாயங்களை இந்திய அரசாங்கம் 1990-க்குப் பிற்பட்ட வருஷங்களில் தடைசெய்ததும் இக்காரணத்தினாலேயே. கழிவு முழுவதும் சிதைந்ததா என்பதை அதன் ரஸாயனப் பிராணவாயுத் தேவையை அளந்தே தீர்மானிக்கவேண்டும். கண்ணளவு போதாது.

6. வெயிலால் போகாத உப்பு

குடியானவர்கள் முக்கியமாய்க் கவனிக்கவேண்டிய பகுதி இதுவே. சோடியமும் குளோரைடும் சிதையக்கூடிய வஸ்துக்களல்ல. எவ்வளவு பொடியிட்டாலும், எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும், உப்பில் ஒரு கிராமும் குறையாது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஆயிரம் லிட்டர் கொண்ட சாயத்தொட்டியில் லிட்டருக்கு 50 கிராம் வீதம் உப்பிட்டால் மொத்தம் 50 கிலோ ஆகிறது. அலசல் ஜலம் ஒன்பதாயிரம் லிட்டர் என்று கொண்டால், எல்லாம் சேர்ந்த பத்தாயிரம் லிட்டர் கழிவில் லிட்டருக்கு 5 கிராம், அதாவது 5,000 மில்லிகிராம் உப்பு இருக்கும். ஆறு, குளங்களில் விடும் கழிவில் கரைந்த உப்புக்களுக்குத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் உச்ச வரம்பு 2,100 மில்லிகிராம். ஒளிவினையூக்கியால் நிறம் அடியோடு நீங்கி, இளநீர்போல் தெளிந்த பிறகும், இந்த ஜலம் அவ்வரம்பின் இருமடங்குக்கு மேலேயே நிற்கும்.

இதனை வயலுக்குப் பாய்ச்சினால் விளைவதென்ன? ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் பாய்ச்ச ஏறக்குறைய 1,02,800 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 5 கிராம் வீதம் அதிலுள்ள உப்பு 514 கிலோ. ஒரே ஒரு பாய்ச்சலில் பத்து மூட்டை உப்பை நிலத்தில் இறைத்ததற்கு இது சமம். ஜலம் ஆவியாகப் போய்விடும். உப்பு நிலத்தில் நின்றுவிடும்.

உப்பின் மிகுதியை ஜலத்தின் மின்கடத்தும் திறனால் அளப்பது வழக்கம். இதன் அளவை டெசிசீமென்ஸ். பழைய புஸ்தகங்களில் மில்லிமோ என்றிருக்கும். மேற்படி கழிவு 6 முதல் 8 டெசிசீமென்ஸ் காட்டும். உலக உணவு, விவசாய ஸ்தாபனம் வெளியிட்ட அட்டவணையின்படி, பாசன ஜலம் 1.0 டெசிசீமென்ஸ் தாண்டினாலே மிளகாயின் மகசூல் குறையத் தொடங்கும், 3.4-இல் பாதியாகும். நெல்லுக்கு 2.0-இல் குறைவு தொடங்கி 4.8-இல் பாதியாகும். பருத்தி மட்டும் 5.1 வரை தாங்கும். முண்டு மிளகாயையும் நெல்லையும் நம்பியுள்ள இந்த ஜில்லாவில், தெளிந்திருக்கிறதே என்று இந்த ஜலத்தைப் பாய்ச்சுகிறவர் மிளகாயை முழுவதும் இழப்பார். நெல்லில் விதைநெல்லும் மிஞ்சாது.

பயிர் போவது ஒரு போகத்து நஷ்டம். மண் கெடுவது தலைமுறை நஷ்டம். சோடியம் களிமண்ணில் ஏறினால், மண்ணின் கட்டிகள் கரைந்து துளைகள் அடைபடும். மழை ஜலம் உள்ளே இறங்காது. காய்ந்தால் நிலம் ஓடுபோல் இறுகும். ஜிப்சம் இட்டுச் சோடியத்தைப் பெயர்க்கலாம். பெயர்ந்த சோடியம் வெளியேற நல்ல ஜலமும் வடிகாலும் வேண்டும். சமதளமான கடலோர நிலத்தில் வடிகாலும், மழை குறைந்த ஜில்லாவில் நல்ல ஜலமும் எளிதில் கிடைப்பவையல்ல.

7. நொய்யல் கற்பித்த பாடம்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகக் காவேரியைச் சேர்வது நொய்யல் நதி. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் ஒரு அணை கட்டி முடிக்கப்பட்டது. சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் அளிப்பதே அதன் நோக்கம். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பெருகியதும், சாயப் பட்டறைகளின் கழிவு நதியில் இறங்கி அணையில் தேங்கியது. சில வருஷங்களுக்குள், அணை ஜலத்தைத் திறந்துவிடவேண்டாமென்று ஆயக்கட்டுதாரர்களே வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணையைப் பாசனக்காரரே மூடிவைக்கச் சொன்னது அநேகமாய் வேறெங்கும் கேளாத காரியம்.

நொய்யல் ஆற்றுப் பாசன ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தார் 2003-இல் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். 2006-இல் நீதிமன்றம் பட்டறைகளுக்குக் கடுமையான நிபந்தனைகள் விதித்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2009-இல் மேலும் கெடு அளிக்கப்பட்டது. கெடுவுக்குள் காரியம் முடியாமையால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பின்னர், கழிவு ஜலத்தில் ஒரு துளியும் வெளிவிடாமல், சவ்வுகளால் வடிகட்டியும், ஆவியாக்கியும், ஜலத்தையும் உப்பையும் மீட்டு மறுபடி உபயோகிக்கும் ஏற்பாட்டுடன் பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன.

இதில் இராமநாதபுரம் ஜில்லாவுக்குள்ள பாடங்கள் இரண்டு. முதலாவது, நொய்யலைக் கெடுத்ததில் சாயத்தைவிட உப்பின் பங்கு நீடித்தது. நிறம் வெளுத்த பிறகும் கிணறுகளில் உப்பு நின்றது. இரண்டாவது, கெடுதி தொடங்கியபோதே அளந்து எழுதிவைத்த கணக்கே பின்னால் வழக்கில் வலுவான சாட்சியாகும்.

8. சாயப் பட்டறைகளுக்கு ஏற்ற ஒழுங்கு

ஒளிவினையூக்கி முறையை அடியோடு தள்ளவேண்டியதில்லை. அதன் இடத்தில் அதை வைக்கவேண்டும். உப்பு மிகுந்த சாயத்தொட்டி ஜலத்தையும், உப்பு குறைந்த அலசல் ஜலத்தையும் ஆரம்பத்திலேயே தனித்தனி வாய்க்காலில் பிரிப்பது முதல் வேலை. ஒன்பது பங்கு அலசல் ஜலத்தை ஒரு பங்கு தொட்டி ஜலத்தோடு கலந்தால் பத்துப் பங்கும் கெடும். பிரித்தால் ஒரு பங்கே பெருங்கவலை.

அலசல் ஜலத்தின் காரத்தைச் சமன்செய்து, கசடைப் படியவைத்து, கடைசியில் மிஞ்சும் லேசான நிறத்தை நீக்க ஒளிவினையூக்கியை உபயோகிக்கலாம். இந்த ஜலத்தைப் பட்டறையிலேயே மறுபடி அலசலுக்குக் கொள்ளலாம். தொட்டி ஜலத்திலிருந்து நிறத்தை நீக்கி, உப்போடு கூடிய அந்த ஜலத்தையே அடுத்த தொட்டிக்கு உபயோகித்தால் உப்பின் செலவும் குறையும்.

மிஞ்சுவதை ஆவியாக்க இங்கே வெயில் உண்டு. வாலிநோக்கம் உப்பளங்களில் கடல்ஜலத்தை உப்பாக்கும் அதே வெயில், சாயத்தொட்டி ஜலத்தையும் காயவைக்கும். ஆனால் உப்பளப் பாத்தியைப் போல வெறும் மண்ணில் இதைத் தேக்கலாகாது. அடியில் ஜலம் இறங்காத விரிப்பு இடவேண்டும். மழைக்காலத்தில் நிரம்பி வழியாதபடி கரை உயர்த்தவேண்டும். எஞ்சும் கசட்டு உப்பை வாரியம் குறிக்கும் இடத்திலன்றி வேறெங்கும் கொட்டலாகாது.

கடலில் விட்டுவிடலாமே என்பாரும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989-இல் அவ்வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. கடற்புல்லும் பவழப்பாறையும் வெயில் ஒளியால் வாழ்பவை. நிறம் கலந்த ஜலம் அந்த ஒளியை மறைக்கும். கரையோர மீன்பிடிப்பும் அதனோடு கெடும்.

9. குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் செய்யவேண்டியவை

நிறம் நீக்கிய கழிவென்று சொல்லி இலவசமாய்ப் பாசனத்துக்குத் தரப்படும் ஜலத்தைச் சோதிக்காமல் ஏற்கலாகாது. கண்மாயிலோ கிணற்றிலோ தூவினால் சாயம் நீங்குமென்று சொல்லி எவரேனும் பொடி விற்க வந்தால் வாங்கலாகாது. ஆழமும் கலங்கலும் உள்ள கண்மாயில் அது வேலை செய்யாது. பொடியே புதிய கசடாகும்.

ஜலத்தைச் சோதனைக்கு எடுக்கும் முறை: சுத்தமான ஒரு லிட்டர் புட்டியை அதே ஜலத்தால் மும்முறை கழுவி, வாய்வரை நிரப்பி மூடவேண்டும். கிணறானால், சிறிது நேரம் இறைத்தபின் பிடிக்கவேண்டும். வாய்க்காலானால், கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றும் பிடிக்கவேண்டும். ஒன்றை மட்டும் பிடித்தால் ஒப்பிட வழியில்லை. ஊர், சர்வே நம்பர், தேதி, ஆழம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டி, தாமதமின்றி விவசாய இலாகாவின் மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவேண்டும். இராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் உள்ளது. மின்கடத்தும் திறன், காரநிலை, சோடியம் ஈர்ப்பு விகிதம் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறவேண்டும்.

கடலோரத்தில் பல கிணறுகள் இயல்பாகவே உப்பானவை. ஆகையால் ஒரு தடவைச் சோதனையைக்கொண்டு பட்டறையின்மேல் பழி சொல்வது நியாயமாகாது. மழைக்கு முன் ஒரு தடவையும், கண்மாய் நிறைந்தபின் ஒரு தடவையும், வருஷந்தோறும் அதே கிணற்றில் சோதித்து, கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்தாரும் ஒரு பதிவேட்டில் எழுதிவந்தால், இயல்பான உப்பு எது, புதிதாய் ஏறிய உப்பு எது என்பது தானே விளங்கும். அப்பதிவேடு குடியானவருக்கும் சாயத் தொழிலாளிக்கும் ஒருங்கே பாதுகாப்பு.

10. நினைவில் வைக்கவேண்டியவை

சூரிய ஒளியும் உலோக ஆக்ஸைடும் சேர்ந்து சாயத்தைச் சிதைக்கும், உப்பைத் தொடாது. நிறம் நீங்குவது சுத்தியின் ஆரம்பம், முடிவு அன்று. அலசல் ஜலத்தையும் தொட்டி ஜலத்தையும் பிரித்தாலன்றி எம்முறையும் கட்டுப்படியாகாது. மிளகாய்க்கு 1 டெசிசீமென்ஸ், நெல்லுக்கு 2 டெசிசீமென்ஸ் என்ற அளவுகளைத் தாண்டிய ஜலம், எவ்வளவு தெளிவாயிருந்தாலும், மகசூலைக் குறைக்கும். கலங்கிய ஜலத்தைக் கண்டு அஞ்சுவது எல்லாருக்கும் இயல்பு. கடைமடைக் குடியானவர் தெளிந்த ஜலத்தையும் அளந்து பார்த்தே மடையைத் திறக்கவேண்டும்.